மாமியாரின் கண்புரை சொட்டு மருந்தை மாமனார் கண்ணிலும் மகள் காதிலும் ஊற்றலாமா?

வலங்கைமான் மருமகள் | செவ்வாய், காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பாட்டில் போதும் என்கிறார் அத்தை. எனக்கு மனது ஒப்பவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

போன வியாழக்கிழமை எங்கள் வயலில் சம்பா அறுவடை. மெஷினுக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்த மாமாவின் வலது கண்ணில் சுணையோ பதரோ ஏதோ ஒன்று விழுந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டால் கசக்கிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். மறுநாள் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, இமை ஒட்டிக்கொண்டு, ஒரே பீளை. அத்தைக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் கண்புரை ஆபரேஷன் ஆனது. அப்போது கொடுத்த சொட்டு மருந்து பாதி மீதி இருந்தது, ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் தட்டில், பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில். அதை எடுத்து ஒரு நாளைக்கு நாலு தடவை ஊற்றினார். பொய் சொல்லக் கூடாது, மருந்துக்கு நன்றாகவே கேட்டது. இரண்டே நாளில் சிவப்பு இறங்கி, வலி குறைந்து, ஞாயிற்றுக்கிழமை மாமா கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் செலவு மிச்சம் என்று அத்தைக்கு ஒரே பெருமை.

நேற்று ராத்திரியிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டது. டியூப்லைட்டை அணைக்கச் சொல்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மசமசவென்று தெரிகிறது என்கிறார். ஆனால் முன்பு இருந்த அளவுக்குச் சிவப்பு இல்லை.

அப்புறம் மகள், ஏழு வயது. நீச்சல் வகுப்பில் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. முந்தாநாளிலிருந்து காது வலி, காது மடலைத் தொட்டாலே கத்துகிறாள், காய்ச்சல் இல்லை. மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள், இன்னும் ஊற்றவில்லை. அட்டையில் கண், காது இரண்டுக்கும் என்று போட்டிருக்கிறது. உள்ளே சிப்ரோஃப்ளாக்சசின், டெக்சாமெத்தசோன். அத்தையின் பாட்டிலில் பெயர் வேறு, மாக்சிஃப்ளாக்சசின், டெக்சாமெத்தசோன் என்று இருக்கிறது. ஆக பாதி மருந்து ஒன்றுதானே? இதையே மாமாவுக்கும் ஊற்றலாமா, அதையே மகள் காதுக்கும் விடலாமா, இல்லை இரண்டும் தப்பா? வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார், போனில் "டாக்டரிடம் போ" என்கிறார், இங்கே அத்தை "இதுக்கெல்லாமா" என்கிறார்.


கருவிழி | செவ்வாய், காலை 7.32

சகோதரி, மற்ற கேள்விக்கெல்லாம் அப்புறம் வருகிறேன். மாமாவை இன்றைக்குக் காலையிலேயே கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சாயங்காலம் வரை பார்க்க வேண்டாம். அந்த மருந்தை ஊற்றுவதை நிறுத்துங்கள், ஆனால் பாட்டிலைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள், நாலு நாளாக எதை ஊற்றினீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கண்ணைத் துணி வைத்துக் கட்டாதீர்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

புறப்படும் முன் வெளிச்சத்தில் நிறுத்தி, கறுப்பு விழியின் மேல் வெள்ளையாகப் புள்ளி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டாலும் போகத்தான் வேண்டும். எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது, ராத்திரி விவரமாக எழுதுகிறேன்.


வலங்கைமான் மருமகள் | செவ்வாய், காலை 7.51

பார்த்தேன். நட்ட நடுவில் இல்லை, மூக்குப் பக்கம் ஓரமாக, குருணை அரிசியில் பாதி அளவுக்குச் சாம்பல் கலந்த வெள்ளையில் என்னவோ இருக்கிறது. "பூ விழுந்துவிட்டதா" என்று அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். கார் சொல்லிவிட்டோம், கிளம்புகிறோம்.


மருந்துக்கடை மாமா | செவ்வாய், காலை 10.15

தங்கச்சி போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். நான் இருபத்திரண்டு வருஷமாக மெடிக்கல் வைத்திருக்கிறவன், அதனால் எங்கள் பக்கத்துத் தப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பாட்டில்களில் இருப்பது இரண்டு சரக்கு. ஒன்று பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக். சிப்ரோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், டோப்ராமைசின், குளோராம்ஃபெனிகால், நியோமைசின், இதில் ஏதாவது ஒன்று. இன்னொன்று ஸ்டீராய்டு. அனேகமாக டெக்சாமெத்தசோன், சிலவற்றில் பிரெட்னிசோலோன், லோட்டெப்ரெட்னால், பீட்டாமெத்தசோன். வெறும் ஆன்டிபயாடிக்கை ஒரு பெயரில் விற்கிற கம்பெனி, ஸ்டீராய்டு கலந்ததை அதே பெயருக்கு 'டி' என்றோ 'டிஎக்ஸ்' என்றோ 'பி' என்றோ ஒரு வால் ஒட்டி விற்கும். கடைக்கு வருகிறவர் பெயரின் தலையைத்தான் சொல்வார், வாலைச் சொல்லமாட்டார். கடைப் பையன் கைக்கு எது வருகிறதோ அதை எடுத்துக் கொடுப்பான். பல விவகாரம் அந்த ஒரு எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இதெல்லாம் ஷெட்யூல் ஹெச், ஹெச்1 என்ற சட்டப் பட்டியலில் வருகிற மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே இருக்கிறது, ஆனாலும் விற்கிறோம். வெறும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் மறுநாள் வந்து "அப்படியேதான் இருக்குது" என்று முறைப்பார்கள். வால் வைத்ததைக் கொடுத்தால் ஒரே நாளில் சிவப்பு வெளுத்துவிடும், "கைராசிக்காரர்" என்று ஊருக்குள் பேர். நானும் அந்தப் பேரை வாங்கியவன்தான். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் தெருவில் கொத்தனார் வேலை பார்த்த ஒருத்தருக்கு என் கடையிலிருந்து போன பாட்டிலால் நடந்ததைப் பார்த்த பிறகு, கண் மருந்து மட்டும் சீட்டு இல்லாமல் தருவதில்லை. அதனால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகிறது, போகட்டும்.

எட்டு மாதப் பாட்டிலைப் பற்றி ஒன்று. அட்டையில் இருக்கிற காலாவதித் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கு. திறந்துவிட்டால் பொதுவாக ஒரு மாதம்தான் கணக்கு. ஊற்றும்போது முனை இமை மயிரில் ஒரு தடவை பட்டால் போதும், உள்ளே என்ன போய்க் குடியேறும் என்று சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சாம்பார்தான் கெடாது, இது அப்படி இல்லை. திறந்த அன்றைக்கே பேனாவால் அட்டையில் தேதி எழுதிவிடுங்கள்.


பழைய ஆள் 58 | செவ்வாய், மதியம் 1.40

படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். எங்கள் வீட்டில் மெட்ராஸ் ஐ வரும்போதெல்லாம் இந்த டி போட்ட மருந்துதான், இருபது வருஷமாக. மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே பாட்டில். நாலாம் நாள் கண் பளிச். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டரிடம் போனாலும் அவரும் இதையேதான் எழுதித் தருகிறார், என்ன, எழுதுவதற்குத் தனியாக முந்நூறு ரூபாய்.


கருவிழி | செவ்வாய், இரவு 9.48

வந்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. கண் மருத்துவமனையில் பதினோரு வருஷமாக ஆப்டோமெட்ரிஸ்ட். டாக்டருக்கு முன்னால் எல்லோருடைய கண்ணையும் முதலில் பார்க்கிற ஆள்.

பழைய ஆள் ஐயா, உங்களுக்கு முதலில். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோவைரஸ் என்ற வைரஸால் வருவது. 1918இல் சென்னையில் கண்டறிந்து பதிவு செய்ததால் அந்தப் பெயர் என்பார்கள். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அது ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போகிற சமாச்சாரம், உங்கள் வீட்டிலும் தானாகத்தான் போயிருக்கிறது. சிவப்பைக் குறைத்தது ஸ்டீராய்டு, ஆனால் அது வைரஸை இன்னும் சில நாள் கண்ணிலேயே தங்க வைக்கும். ஒரே பாட்டிலை மொத்தக் குடும்பத்துக்கும் வைத்துக்கொண்டது அந்த வைரஸுக்கு நீங்களே பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி. இதையேதான் டாக்டரும் எழுதுகிறார் என்கிறீர்கள். ஆமாம், சில பேருக்கு எழுதுவார். மெட்ராஸ் ஐ போன பிறகு கருவிழியில் பொடிப்பொடியாகத் தழும்பு விழுந்து பார்வை மங்கினால் லேசான ஸ்டீராய்டு கொடுத்து, வாராவாரம் வரச் சொல்லிப் பார்ப்பார். அந்த முந்நூறு ரூபாய் எழுதுவதற்கு இல்லை, எழுதும் முன் கண்ணுக்குள் பார்ப்பதற்கு.

ஏனென்றால் ஒற்றைக் கண் சிவந்து, கூசி, தண்ணீர் விடுகிற இன்னொரு நோய் இருக்கிறது, ஹெர்பஸ் வைரஸ். வெளியிலிருந்து பார்த்தால் மெட்ராஸ் ஐ மாதிரியேதான் இருக்கும். ஆரஞ்சு நிறச் சாயத்தாள் ஒன்றைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழி மேல் மரக்கிளை வரைந்த மாதிரி பச்சையாக மின்னும். அந்தக் கிளை மேல் வெறும் ஸ்டீராய்டை ஊற்றினால் கிளைகள் ஒன்று சேர்ந்து உலகப் படம் மாதிரி பரந்துவிடும். நான் இதை இரண்டு தடவை நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி சகோதரியின் மாமா விஷயம். நெல், வைக்கோல், கரும்புத் தோகை, மாட்டு வால், கண்ணில் படுவது இப்படி வயல் சம்பந்தப்பட்டதாக இருந்தால் எங்களுக்கு முதலில் வருகிற சந்தேகம் பூஞ்சை. மதுரையில் 1994 ஜனவரியிலிருந்து மார்ச் வரை, அதாவது சரியாக அறுவடைக் காலத்தில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரிடம் புண்ணைச் சுரண்டி எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். 297 பேருக்கு வளர்ந்தது. அதில் பாக்டீரியா மட்டும் 140, பூஞ்சை மட்டும் 139. ஏறக்குறைய சரிபாதி. எனக்கு இந்த வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்தது, இன்றைக்கும் மனப்பாடமாக இருக்கிறது. பூவா தலையா போட்டு மருந்து கொடுக்க முடியாது என்பதற்கு அந்தக் கணக்கு போதும்.

அந்தப் பாட்டில் பூஞ்சைக்கு என்ன செய்யும்? ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்டீராய்டு, பூஞ்சையோடு சண்டை போட உடம்பு அனுப்பிய ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடும். சிவப்பும் வலியும் அந்தச் சண்டையால் வருவது, அதனால் சண்டை நின்றதும் கண் வெளுத்து, வலி குறைந்து, மாமா கறிச்சோறு சாப்பிடுகிறார். பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் கருவிழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். "சிவப்பு இல்லை, ஆனால் மங்கலாகத் தெரிகிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிவந்த கண்ணோடு வருகிறவரைவிட, சிவப்பு போய் மங்கலோடு வருகிறவரைத்தான் நாங்கள் வரிசையை மீறி உள்ளே அனுப்புவோம்.

பாக்டீரியாப் புண்ணாகவே இருந்தாலும் ஸ்டீராய்டால் லாபம் உண்டா என்றும் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் அரவிந்த் மருத்துவமனைகளில் சேர்த்த நோயாளிகள், மொத்தம் 500 பேர், முடிவு 2012இல் வந்தது. பாக்டீரியாதான் என்று பரிசோதனையில் உறுதி செய்து, 48 மணி நேரம் வெறும் ஆன்டிபயாடிக் ஊற்றி, அதற்குப் பிறகுதான் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் பார்வையில் பொதுவாக வித்தியாசம் இல்லை. இவ்வளவு காவலோடு கொடுத்தே அவ்வளவுதான் என்றால், முட்டைத் தட்டில் இருந்து எடுத்து ஊற்றுவதை என்ன சொல்வது.

அத்தைக்கு ஏன் அதே மருந்து கொடுத்தார்கள் என்று கேட்பார். கண்புரை ஆபரேஷனில் கிருமி இல்லை, காயம்தான். அந்தக் காயத்தால் உள்ளே வீங்காமல் இருக்க ஸ்டீராய்டு, கிருமி புகாமல் இருக்க ஆன்டிபயாடிக். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை, அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வாராவாரம் குறைத்துச் சீட்டில் எழுதியிருப்பார்கள், நடுநடுவே கூப்பிட்டும் பார்த்திருப்பார்கள். அங்கே அது அருமையான மருந்து, அத்தை மேல் கோபப்படாதீர்கள். அவருக்கு அது நல்லது செய்திருக்கிறது, அந்த நம்பிக்கையில்தான் எடுத்து வைத்திருக்கிறார்.


இரட்டைவால் அம்மா | புதன், காலை 6.20

எங்கள் வீட்டில் கிருமியே இல்லாமல் இந்த மருந்தால் பட்டோம், அதையும் எழுதிவிடுகிறேன். பெரியவனுக்கு ஐந்து வயதிலிருந்து வெயில் காலம் வந்தால் கண் அரிப்பு, கசக்கிக் கசக்கிக் கண்ணே கலங்கிப் போகும். அலர்ஜிதான். ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்ததை இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். சீட்டில் "இரண்டு வாரம் மட்டும்" என்று அடிக்கோடு போட்டுத்தான் இருந்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான்தான் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அரிப்பு வந்தபோதெல்லாம் கடையில் காட்டி வாங்கினேன். இரண்டு வருஷம். ஊற்றினால் பத்து நிமிஷத்தில் சிரிக்கிறான், எந்த அம்மாவுக்குத்தான் நிறுத்த மனசு வரும்.

மூன்றாம் வகுப்பில் பள்ளியில் கண் பரிசோதனை முகாம். அங்கிருந்து அனுப்பி, பெரிய இடத்தில் பார்த்தபோது கண்ணுக்குள் அழுத்தம் 36. 21க்கு மேல் போனால் கவனிக்க வேண்டுமாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் ஊற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஏறும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும், வலிக்காது, சிவக்காது, வெளியே ஒன்றும் தெரியாது என்றார்கள். பார்வை நரம்பு கொஞ்சம் போய்விட்டது. போனது திரும்பாது. இப்போது அழுத்தத்தைக் குறைக்கத் தினம் இரண்டு வேளை வேறு சொட்டு மருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. அலர்ஜிக்கு அதில் இருந்த ஆன்டிபயாடிக் தேவையே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் பாருங்கள்.


காமூதொ ஜூனியர் | புதன், பிற்பகல் 3.05

பாப்பாவின் காதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நான் காது மூக்கு தொண்டையில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணில் வில்லன் ஆகிற இதே மருந்து காதில் பல நேரம் கதாநாயகன், அதையும் சொல்லியாக வேண்டும்.

அக்கா எழுதியதைப் பார்த்தால், நீச்சல், காது மடலைத் தொட்டால் வலி, காய்ச்சல் இல்லை, இது வெளிக்காதுத் துவாரத்தில் வந்த தொற்று மாதிரி தெரிகிறது. தண்ணீர் தங்கி, தோல் ஊறி, பாக்டீரியா ஏறிக்கொள்ளும். துவாரம் குறுகலானது, உள்ளே தோல் வீங்கினால் இடமே கிடையாது, அதனால்தான் அந்த வலி. இங்கே ஆன்டிபயாடிக்கும் வேண்டும், வீக்கத்தை இறக்க ஸ்டீராய்டும் பயன்படும். சிப்ரோஃப்ளாக்சசினும் டெக்சாமெத்தசோனும் சேர்ந்த சொட்டு மருந்தை ஏழு நாள், நாளுக்கு இரண்டு வேளை என்று நாங்களும் எழுதுவோம். சொட்டு மருந்து நேராகப் புண்ணிலேயே போய் நிற்பதால் மாத்திரையும் ஊசியும் பெரும்பாலும் தேவைப்படாது.

அப்படியென்றால் கடையில் கொடுத்ததையே ஊற்றிவிடலாமே என்று கேட்காதீர்கள். முதலில், செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் நியோமைசின், ஜென்டாமைசின் வகை மருந்து நடுக்காது வழியாக உள்காதுக்கு இறங்கி, கேட்கும் திறனையும் நிலைதடுமாறாமல் நிற்கும் திறனையும் கெடுக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகைக்கு அந்தப் பயம் இல்லை. உங்கள் கையில் இருப்பது நல்ல வகைதான், ஆனால் அடுத்த தடவை கடைக்காரர் எதைத் தருவார் என்று யாருக்குத் தெரியும். அப்புறம், நம் ஊர் ஈரத்துக்குக் காதிலும் பூஞ்சை பிடிக்கும். நனைந்து காய்ந்த செய்தித்தாளைச் சுருட்டி வைத்த மாதிரி சாம்பலும் கறுப்புப் புள்ளியுமாக இருக்கும். வலியைவிட அரிப்பு அதிகம். அதற்கு இந்த மருந்தை ஊற்றினால் கண்ணில் நடந்த அதே கதை, பாக்டீரியாவும் போய், காவலும் போய், பூஞ்சைக்குக் காலி மனை. பூஞ்சை என்றால் உறிஞ்சிச் சுத்தம் செய்துவிட்டு க்ளோட்ரிமசோல் போடுவோம். வெறும் சளி, காய்ச்சலோடு வருகிற நடுக்காது வலியாக இருந்தால், செவிப்பறை முழுசாக இருக்கும்போது மேலே ஊற்றுகிற எந்தச் சொட்டும் உள்ளே போகாது, வாசலிலேயே நின்றுவிடும்.

வீட்டில் தாத்தா பாட்டிக்குச் சர்க்கரை இருந்து, காது வலி ராத்திரி தூங்க விடாமல் இருந்தால், இந்தப் பேச்சு எதற்கும் நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலும்பு வரைக்கும் இறங்குகிற ஒரு வகை உண்டு.

ஊற்றுகிற விதம் சொல்லித் தருகிறேன், பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பாட்டிலை இரண்டு நிமிஷம் உள்ளங்கையில் மூடி வைத்துக் கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த குளிரோடு ஊற்றினால் பாப்பாவுக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றும், வாந்தியே வரும். நன்றாகக் குலுக்குங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் சொட்டு விட்டு, துவாரத்துக்கு முன்னால் இருக்கிற சின்ன முடிச்சை நாலைந்து தடவை விரலால் அமுக்கி விடுங்கள். அப்போதுதான் உள்ளே இறங்கும். ஐந்து நிமிஷம் எழுந்திருக்கக் கூடாது. கதை சொல்லுங்கள், இல்லை போனைக் கொடுங்கள், வேறு வழியில்லை. பட்ஸ், கோழி இறகு, ஹேர்பின், பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், எல்லாவற்றுக்கும் விடுமுறை. நீச்சலுக்கும்தான்.

இன்னொன்று. கண், காது இரண்டுக்கும் என்று போட்டிருந்தால் அது கண்ணுக்குரிய சுத்தத்தோடு தயாரித்தது, காதுக்கும் போகலாம் என்று அர்த்தம். காதுக்கு மட்டும் என்று போட்டிருப்பதை எக்காரணம் கொண்டும் கண்ணில் விடக் கூடாது. இரண்டுக்கும் பொதுவான பாட்டிலாக இருந்தாலும், பாப்பாவின் காதுக்கு எடுத்ததைத் தாத்தாவின் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள்.


பழைய ஆள் 58 | புதன், மாலை 5.30

கருவிழி தம்பி, படித்தேன். பஸ் டிக்கெட் என்று எழுதியிருக்க வேண்டாம், என் பேரன் படித்துவிட்டுச் சிரிக்கிறான். சரி, ஒரு கேள்வி. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. இருபது வருஷமாக விட்டு விட்டு ஊற்றியதில் எனக்கும் ஏறியிருக்குமா?


கருவிழி | புதன், இரவு 10.05

மன்னியுங்கள் ஐயா, வேகத்தில் எழுதிவிட்டேன். நீங்கள் சொன்ன இரண்டுமே ஸ்டீராய்டால் அழுத்தம் ஏற வாய்ப்புள்ளவர்கள் பட்டியலில் இருப்பவை. வருஷத்துக்கு நாலு நாள் ஊற்றியதால் ஏறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவுக்கு இருந்தது என்பதற்காகவே நீங்கள் அழுத்தமும் நரம்பும் பார்க்க வேண்டியவர். சர்க்கரைக்கு விழித்திரை பார்ப்பதும் அதே நாளில் ஆகிவிடும், கண்ணில் மருந்து விட்டுப் பார்ப்பார்கள், வண்டி ஓட்ட ஆள் கூட்டிக்கொண்டு போங்கள்.


வலங்கைமான் மருமகள் | வெள்ளி, காலை 11.25

இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை தஞ்சாவூர் போனோம். உள்ளே போனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி "என்ன ஊற்றினீர்கள்". பாட்டிலை நீட்டினேன், திட்டவில்லை, பெருமூச்சு விட்டார், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணை லேசாகச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து, ஏதோ சொட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அரைமணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள், பூஞ்சைதான். எனக்கும் காட்டினார் அந்த லேப் பொண்ணு. நூல் துண்டுகள் சிக்கிக் கிடந்த மாதிரி, கிளை கிளையாக. அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாட்டமைசின் என்ற சொட்டு மருந்து, மணிக்கு ஒரு தடவை, முதல் இரண்டு நாள் ராத்திரியிலும். எங்கள் ஊர்க் கடை ஒன்றிலும் இல்லை, மருத்துவமனையிலேயே வாங்கினோம். வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வந்துவிட்டார், பத்திலிருந்து இரண்டு மணி வரை அவர், அப்புறம் நான், விடிகாலை அத்தை. அத்தைதான் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. சுவரில் மாட்டியிருக்கிற நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார். புண் ஓரமாக இருப்பதால் பார்வை பெரிய அளவில் தப்பிக்கும் என்கிறார் டாக்டர், ஆனால் வாரக்கணக்கில் ஆகும், தழும்பு நிற்கும். முதல் நாளே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் மாமா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜூனியர் தம்பி, பாப்பாவையும் காட்டிவிட்டேன். செவிப்பறை முழுசாக இருக்கிறது, பூஞ்சை இல்லை, உள்ளே இருந்த ஊறலை உறிஞ்சி எடுத்துவிட்டு, என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா? கடையில் வாங்கிய அதே மருந்து, அதே கம்பெனி! வீட்டுக்காரர் பத்து நிமிஷம் சிரித்தார். நீங்கள் சொன்னபடி உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித்தான் ஊற்றுகிறேன். நேற்றிலிருந்து காதைத் தொட விடுகிறாள்.

ஒரு சந்தேகம். மாமாவின் இமை ஓரத்திலும் மயிரிலும் வெள்ளையாகத் தயிர் காய்ந்த மாதிரி ஒட்டுகிறது, புண் மேலும் லேசாக வெள்ளை படிகிறது. புண் பெரிதாகிறதோ என்று பயமாக இருக்கிறது. திங்கட்கிழமைதான் வரச் சொல்லியிருக்கிறார்கள்.


கருவிழி | வெள்ளி, மதியம் 12.10

அது அனேகமாக மருந்துதான் சகோதரி. நாட்டமைசின் தண்ணீரில் கரையாது, மாவு மாதிரி மிதக்கிற மருந்து, இமையிலும் புண் மேலும் படியும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கிவிட்டு விடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து இமை ஓரத்தை மட்டும் துடைத்து எடுங்கள், கருவிழியைத் தொடாதீர்கள். வலி கூடினாலோ, கூச்சம் கூடினாலோ, கறுப்பு விழிக்குக் கீழே வெள்ளையாகச் சீழ்க்கோடு தெரிந்தாலோ திங்கள் வரை காத்திருக்காமல் இன்றைக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அத்தையின் அந்தக் கட்டம் போட்ட தாளைத் திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டுங்கள்.


வலங்கைமான் மருமகள் | வெள்ளி, மதியம் 12.31

காட்டுகிறேன். அத்தை இப்போது ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முட்டைத் தட்டில் இன்னும் இரண்டு பாட்டில் கிடைத்திருக்கிறது, ஒன்றில் அட்டையே இல்லை.